ஊழியரிடம் திரும்பி வரும் அறிக்கை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சிற்றூர் வட்டத்தில் அமைந்துள்ளது பெருமாட்டி ஊராட்சி. பாலக்காட்டுக் கணவாயின் வழியாகப் பொள்ளாச்சிப் பக்கத்துச் சமவெளி கேரளத்தினுள் தொடரும் பகுதி இது. இங்குள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கி வருகின்றன. நிலத்தடி நீரைப் பற்றிய வழக்கினால் நாடெங்கும் அறியப்பட்ட பிளாச்சிமடா இவ்வூராட்சியைச் சேர்ந்ததே ஆகும்.

இத்தகைய ஓர் எல்லைப்புற ஊராட்சியில் பணிபுரியும் பொதுச் சுகாதார நர்ஸ், சுகாதார ஆய்வாளர், ஆஷா ஊழியர் ஆகியோர் மாதந்தோறும் பல அறிக்கைகளை மேலிடத்துக்கு அனுப்புகின்றனர். கருவுற்றோர் பதிவு, தடுப்பூசி, காய்ச்சல், காசநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. எண்கள் துணை நிலையத்திலிருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் செல்கின்றன. அவ்வாறு சென்ற எண்கள், அவற்றைச் சேகரித்த ஊழியரிடம் எந்த வடிவில் திரும்பி வருகின்றன? இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊழியரின் பணி எவ்வாறு நடைபெற்றுள்ளது என்பதை அவருக்கே எடுத்துக்காட்டும் அறிக்கையை இங்கு 'மீளறிக்கை' என்று குறிப்பிடுவோம். மீளறிக்கை நன்கு அமைந்தால் ஊழியர் அடுத்த மாதம் செய்ய வேண்டிய வேலை அவருக்குத் தெளிவாகும். தவறாக அமைந்தால் அது காகிதச் செலவோடு நில்லாமல் பணிக்கும் கேடு விளைவிக்கும்.

ஆராய்ச்சிகள் காட்டுவது

காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, மருத்துவப் பணியாளர்களுக்கு மீளறிக்கை அளித்து நடத்தப்பெற்ற 140 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ஆம் ஆண்டில் தன் முடிவுகளை வெளியிட்டது. செய்ய வேண்டிய முறையில் செய்யப்படும் பணி, மீளறிக்கையின் விளைவாக நூற்றுக்குச் சுமார் 4.3 அளவு உயர்ந்தது. இது ஆய்வு முடிவுகளை வரிசைப்படுத்தி எடுத்த நடு மதிப்பாகும். ஆனால் கால்பங்கு ஒப்பீடுகளில் உயர்வு நூற்றுக்கு அரைக்கு மேற்படவில்லை. மற்றொரு கால்பங்கில் உயர்வு நூற்றுக்கு 16-ஐயும் தாண்டியது. எனவே, மீளறிக்கை பயன் தருமா என்று கேட்பதைவிட, எத்தகைய மீளறிக்கை பயன் தரும் என்று கேட்பதே பொருத்தமாகும்.

அதே தொகுப்பு இதற்கு விடையும் அளித்தது. தொடக்கத்தில் பணியின் தரம் தாழ்ந்திருந்த இடங்களில் பயன் மிகுதியாயிற்று. மேற்பார்வையாளரோ உடன்பணியாற்றுபவரோ அளித்த அறிக்கை, ஒரு முறையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் வந்த அறிக்கை, எழுத்திலும் பேச்சிலும் சேர்ந்து வந்த அறிக்கை, அடைய வேண்டிய அளவையும் அதற்கான செயல்முறையையும் தன்னுள் கொண்ட அறிக்கை ஆகியவை கூடுதலான பலன் தந்தன.

இதற்கு மறுபுறமும் உண்டு. பல துறைகளில் நடைபெற்ற ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்த இரு உளவியல் அறிஞர்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் இத்தகைய தகவல் பணியை உயர்த்துவதற்குப் பதிலாகத் தாழ்த்திவிட்டது என்று 1996-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். தகவலைப் பெற்றவரின் கவனம் வேலையின்மேல் செல்லாமல், தம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதன்மேல் செல்லுமாயின், வேலை பின்தங்கிவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஊழியரின் கவனத்தை வேலையின்மேல் நிறுத்த வேண்டும் என்பதே மீளறிக்கையின் முதல் விதி எனலாம்.

கரும்பலகையில் எழுதிய கணக்கு

இவ்விதியை நம் நாட்டிலேயே கையாண்ட திட்டம் ஒன்று உண்டு. உலக வங்கியின் உதவியுடன் 1980-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே அது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை போதிய அளவு ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் 90 நாட்களுக்கு இணை உணவு அளிப்பது அதன் முறை.

கிராம ஊட்டச்சத்துப் பணியாளர் திரட்டிய சில முக்கிய எண்கள், அவருடைய மையத்தின் பலகையிலேயே ஊரார் காணும்படி எழுதப்பட்டன. கணக்கு மேலிடத்துக்குச் செல்வதற்கு முன்பே ஊழியருக்கும் தாய்மாருக்கும் பயன்பட்டது. எடை குறைந்த குழந்தை எது என்பதை அறிந்த பணியாளர் அடுத்த நாளே அவ்வீட்டுக்குச் செல்ல முடிந்தது. ஏறத்தாழப் பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தமையால், எண்ணைப் பற்றி நேரில் பேசுவதற்கும் வழி இருந்தது. எண்கள் சில, அவை விரைவில் திரும்பின, அவற்றின்பேரில் செய்யத்தக்க வேலை ஊழியரின் கைக்கு எட்டியதாக இருந்தது. நல்ல மீளறிக்கையின் இலக்கணம் இம்மூன்றிலும் அடங்கியிருக்கிறது.

வகுக்கும் எண்ணைப் பற்றி

இனி, இன்று எல்லாச் சுகாதார நிலையங்களிலும் நடைபெறும் ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியுமின்றி உடலில் தங்கியிருந்து, பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் சேதத்தையும் விளைவிக்கும் நோய். நாள்தோறும் மருந்து உட்கொண்டால் அதனைக் கட்டுப்படுத்தலாம். நோயாளிக்கு வலியில்லை; ஆதலால் மருந்தை நிறுத்திவிடுவது எளிது. நிறுத்தியவர் யார் என்பதைச் சுகாதார நிலையம் அறியாவிட்டால், அவர் அடுத்த முறை ஸ்ட்ரெச்சரில்தான் வந்து சேர்வார்.

இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி 2017-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மத்திய சுகாதார அமைச்சகம், மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் முதலியவை இதில் பங்கு கொண்டன. தொடக்கத்தில் கேரளம், பஞ்சாப், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த 25 மாவட்டங்களில் அது நடைபெற்றது. அம்முயற்சியில் ஒவ்வொரு நிலையத்தின் நோயாளிகளும் மூன்று பிரிவாகக் காட்டப்படுகின்றனர். கடந்த மூன்று மாதங்களுள் வந்து, இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருந்தவர்கள் ஒரு பிரிவினர். வந்தும் அழுத்தம் கட்டுப்படாதவர்கள் மற்றொரு பிரிவினர். மூன்று மாதங்களாக வராதவர்கள் மூன்றாம் பிரிவினர்.

இப்பிரிவின் சிறப்பை ஒரு கணக்கினால் விளக்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்த கணக்கேயன்றி எந்த நிலையத்தின் உண்மை விவரமும் அன்று. ஒரு துணை நிலையத்தில் 120 நோயாளிகள் பதிவாகி உள்ளனர் என்று கொள்வோம். அவர்களுள் 60 பேர் கட்டுப்பாட்டில் உள்ளனர். 24 பேர் வந்தும் கட்டுப்படவில்லை. 36 பேர் வரவில்லை. வந்தவர்களை மட்டும் கொண்டு வகுத்தால் 84-க்கு 60, அதாவது நூற்றுக்கு 71 பேர் கட்டுப்பாட்டில் உள்ளதாகத் தோன்றும். பதிவான அனைவரையும் கொண்டு வகுத்தால் நூற்றுக்கு 50 பேரே.

அடுத்த காலாண்டில், கட்டுப்படாத 24 பேருள் 12 பேர் சலித்து வருவதை நிறுத்திவிட்டனர் என்று கொள்வோம். முதல் முறைப்படி 72-க்கு 60, அதாவது நூற்றுக்கு 83 என்று எண் உயர்கிறது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வரக்கூடும். உண்மையிலோ மிகவும் ஆபத்தான நிலையிலுள்ள பன்னிருவர் கண்பார்வையிலிருந்து மறைந்துவிட்டனர். நிலைமை கெடும்போது எண் உயருமாறு அமைந்த மீளறிக்கை, எந்த மீளறிக்கையும் இல்லாமையைவிடத் தீமையானது. எதனை எதனால் வகுத்தோம் என்பதை ஒவ்வொரு மீளறிக்கையும் எண்ணுக்கு அருகிலேயே கூற வேண்டும்.

பதிவான அனைவரையும் கணக்கில் கொள்ளும் இம்முறை காசநோய்த் திட்டத்திலிருந்து வந்தது. கார்ல் ஸ்டிப்லோ என்னும் மருத்துவ அறிஞர் 1970-களின் இறுதியில் தான்சானியாவில் இதனை நடைமுறைப்படுத்தினார். ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கிய ஒவ்வொரு நோயாளிக்கும், குணமானார், இறந்தார், வேறிடம் சென்றார், தொடர்பு விட்டுப் போயிற்று என்று ஏதேனும் ஒரு முடிவு எழுதப்பட வேண்டும். ஒருவரையும் கணக்கிலிருந்து விட்டுவிட இயலாது. 1997-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விரிவாக்கப்பட்ட திருத்திய காசநோய்த் திட்டமும் இம்முறையையே கைக்கொண்டது.

ஒவ்வோர் எண்ணுக்கும் உரியவர்

மேற்கண்ட மூன்று பிரிவுகளிலும் மற்றொரு நன்மை உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய வேலை வேறு. அதனைச் செய்ய வேண்டியவரும் வேறு. வந்தும் கட்டுப்படாத 24 பேரின் பொறுப்பு டாக்டருடையது. மருந்தின் அளவை உயர்த்தவோ மற்றொரு மருந்தைச் சேர்க்கவோ அவரே அதிகாரம் உடையவர். வராத 36 பேரின் பொறுப்பு களப்பணியாளருடையது. மருந்து இல்லாமல் திரும்பியவர்களின் பொறுப்பு மருந்துக் கிடங்கைக் கவனிப்பவருடையது. இவ்வனைத்தையும் 'கட்டுப்பாடு 50 சதவிகிதம்' என்று ஒரே எண்ணாக்கி ஆஷா ஊழியரின் கையில் கொடுத்தால், தம்மால் மாற்ற இயலாதவற்றுக்கும் அவர் பதில் சொல்ல நேரும். நாளடைவில் அவர் அந்தக் காகிதத்தைப் படிப்பதையே நிறுத்திவிடுவார்.

களப்பணியாளருக்கு எண்ணைவிடப் பெயர்ப் பட்டியலே மிகுதியாகப் பயன்படும். '36 பேர் வரவில்லை' என்ற செய்தி வருத்தத்தைத் தரும். அந்த 36 பேரின் பெயர், வீடு, கடைசியாக வந்த நாள், அன்றைய அழுத்தம் ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் வேலையைத் தரும். பட்டியலில் அழுத்தம் மிகுந்தவர் முதலில் நிற்க வேண்டும். மேற்கூறிய முன்முயற்சியில் சில மாநிலங்களில் பயன்படுத்தப்படும் 'சிம்பிள்' என்னும் கைபேசிச் செயலி, தவணை கடந்தவர்களின் பட்டியலைக் காட்டி, அங்கிருந்தே அவர்களைத் தொலைபேசியில் அழைக்கவும் வழி செய்கிறது. செயலி இல்லாத இடத்தில் சிகிச்சை அட்டைகளை அடுத்த வருகை மாதத்தின்படி பெட்டியில் அடுக்கி வைத்தால், மாத முடிவில் அந்த அறையில் எஞ்சி நிற்கும் அட்டைகளே அப்பட்டியல் ஆகிவிடும்.

பெருமாட்டி போன்ற எல்லைப்புறத்தில் இப்பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லும் ஊழியர் பலவகைக் காரணங்களைக் காணக்கூடும். ஒருவர் விடியலில் வயல் வேலைக்குச் சென்று, நிலையம் மூடிய பின்னர் திரும்புகிறவர். மற்றொருவர் எல்லைக்கப்பால் பொள்ளாச்சியிலேயே மருந்து வாங்கிக்கொள்பவர். இன்னொருவர் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர், அல்லது காலமாகிவிட்டவர். இவர்கள் அனைவரையும் 'வராதவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் ஊழியருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி. காரணம் எழுதுவதற்குப் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். வேலை நேரமே காரணம் என்று பலரிடமிருந்து தெரியவந்தால், மருத்துவ நேரத்தை மாற்றுவதே பரிகாரம். 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்படி குடும்ப ஆரோக்கிய நிலையங்களாக உயர்த்தப்பட்டவற்றில் பிற்பகலிலும் நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது இத்தகைய தேவையை ஒட்டியதேயாகும்.

சிறிய எண்களின் ஆட்டம்

துணை நிலையங்களை மாதந்தோறும் வரிசைப்படுத்தி, முதலிடம் இது, கடைசி இடம் அது என்று அறிவிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதிலுள்ள பிழையை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு நாணயத்தை 40 முறை சுண்டி, தலை விழுந்த எண்ணிக்கையைக் குறிக்கட்டும். எல்லா நாணயங்களும் ஒரே தன்மையன. எனினும் சிலருக்கு 16-ம், சிலருக்கு 24-ம் விழும். இருபது மாணவருள் ஏறத்தாழப் பத்தொன்பது பேருக்கு 14-க்கும் 26-க்கும் இடைப்பட்ட எண்ணே கிடைக்கும். அதாவது நூற்றுக்கு 35 முதல் 65 வரை என்பது வெறும் தற்செயலின் விளைவு. 'நன்றாகச் சுண்டியவர்' என்று முதல் மாணவருக்குப் பரிசளித்தால் வகுப்பு சிரிக்கும். 40 நோயாளிகளைக் கொண்ட துணை நிலையங்களை ஒரு மாதத்து எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்துவதும் பெரிதும் இதைப் போன்றதே.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, சதவிகிதத்துடன் உண்மை எண்ணையும் எழுதுதல். '50 சதவிகிதம்' என்பதோடு '40-ல் 20' என்றும் குறித்தால், இரண்டு நோயாளிகள் மாறினாலே சதவிகிதம் 5 மாறும் என்பதைப் படிப்பவர் தாமே உணர்வார். இரண்டாவது, ஒரு மாதத்தைக் காட்டாமல் பன்னிரண்டு மாதங்களையும் ஒரு கோட்டுப் படமாகக் காட்டுதல். ஏற்றமும் இறக்கமும் தொடர்ந்து ஒரே திசையில் செல்கின்றனவா என்பது அதில் விளங்கும். மூன்றாவது, ஒரு நிலையத்தை முதலில் அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுதல்.

பிறரோடு ஒப்பிடுவதே கூடாது என்பது இதன் பொருளன்று. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தம் பகுதியில் மிகுதியாக எழுதிக் கொடுத்த ஐந்தில் ஒரு பங்கு மருத்துவ நிலையங்களைத் தேர்ந்து, அவற்றுள் ஒரு பாதிக்கு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. 'உங்கள் பகுதியிலுள்ள 80 சதவிகித நிலையங்களைவிட நீங்கள் மிகுதியாக எழுதுகிறீர்கள்' என்ற ஒரு செய்தியும், உடனே செய்யத்தக்க சில எளிய செயல்களும் மட்டுமே அதில் இருந்தன. ஆறு மாதங்களில், கடிதம் பெறாதவற்றோடு ஒப்பிட, அம்மருந்துகள் 3.3 சதவிகிதம் குறைந்தன. விகிதம் சிறிதாயினும் எண்ணிக்கையில் அது 73,000-க்கு மேற்பட்ட மருந்துச் சீட்டுகளாகும். ஒப்பீடு ஒன்றே ஒன்று, அனுப்பியவர் மதிப்புக்குரியவர், செய்தி அவ்வவரிடம் தனியே சென்றது, எண்ணிக்கையும் நம்பத்தக்க அளவு பெரியது. கூட்டத்தில் எழுந்து நிற்க வைத்துக் கடைசி இடத்தை வாசிப்பதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை வெளிப்படை.

அச்சம் புகுந்தால் எண் கெடும்

மீளறிக்கை தண்டனைக்குக் கருவியானால், ஊழியர் தம்மைக் காத்துக்கொள்ள எண்ணையே மாற்றிவிடுவார். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஆண்டுதோறும் இத்தனை அறுவைச் சிகிச்சைகள் என்று மேலிருந்து இலக்கு விதிக்கப்பட்டது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் சில மாநிலங்களில் ஆசிரியர்களுக்குங்கூட இத்தனை பேரை அழைத்து வர வேண்டும் என்று கணக்கு ஒதுக்கப்பட்டது. மக்களின் தேவை பின்தள்ளப்பட்டு எண்ணே குறிக்கோளாயிற்று. ஏடுகளில் ஏறிய எண்களின் நம்பகமும் குறைந்தது. பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 1996-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு முழுவதும் அவ்விலக்குகள் கைவிடப்பட்டன.

இரத்த அழுத்தக் கணக்கிலும் இந்த ஆபத்து உண்டு. மின்னணுக் கருவியால் அளந்த எண்களின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறத்தாழச் சமமாக விழ வேண்டும். ஏட்டில் 140 என்பது அரிதாகவும் 138 என்பது மிகுதியாகவும் காணப்படுமாயின், அங்கு அளவு எடுக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஐயுறலாம். அந்நிலையில் மேற்பார்வையாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: கருவி பழுதா? ஒரு நாளில் அளக்க வேண்டியவர்கள் மிகுதியா? குறைந்த எண்ணுக்குக் கண்டிக்கப்படுவோம் என்ற பயம் உள்ளதா? பொய்யான 138-ஐ எழுதப்பெற்ற நோயாளி மருந்து உயர்த்தப்படாமல் வீட்டுக்குத் திரும்புகிறார் என்பதை மறத்தலாகாது.

அச்சமின்றி உண்மையை ஆராய முடியும் என்பதற்குக் கேரளமே ஒரு முன்மாதிரியை அளித்துள்ளது. கேரள மகப்பேறு மருத்துவர்களின் சம்மேளனம் மாநில அரசின் ஒத்துழைப்புடன் 2004-ஆம் ஆண்டு முதல் தாய்மார் மரணங்களை இரகசியமாகப் பரிசீலிக்கும் முறையைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவரும் முறையைத் தழுவியது இது. மரணத்தைப் பற்றிய குறிப்பு, நோயாளியின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் நீக்கப்பட்டே பரிசீலிப்போரிடம் செல்கிறது. குற்றவாளி யார் என்பது அங்குக் கேள்வியன்று; எந்தக் கட்டத்தில் எது செய்திருந்தால் அத்தாய் பிழைத்திருப்பார் என்பதே கேள்வி. இரத்தப்போக்கும் கர்ப்பகால இரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என்று இப்பரிசீலனை எடுத்துக்காட்டியது. அவற்றைக் கையாளும் நெறிமுறைகள் வகுக்கப்பட்டு மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் பயிற்சியாகத் திரும்பி வந்தன. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, கேரளத்தில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2004–06-ல் 95 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018–20-ல் 19 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல. பரிசீலனை முறையும் அவற்றுள் ஒன்று.

எந்த மொழியில், எந்தச் சொல்லில்

எல்லைப்புறத்தில் மொழியும் அறிக்கையின் அமைப்பைச் சேர்ந்ததே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. பெருமாட்டியிலாயினும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலாயினும், வீடு வீடாகச் செல்லும் ஊழியர் தமிழில் சிந்திப்பவராக இருக்கலாம். அவர் சந்திக்கும் நோயாளி தமிழ் மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். மீளறிக்கையின் தலைப்புகளும் வராதவர் பட்டியலும் மலையாளத்தோடு தமிழிலும் இருத்தல் நலம். எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. எண்ணுக்கு மேலுள்ள தலைப்பு புரியாவிட்டால் எண்ணும் புரியாது.

மொழிபெயர்ப்பில் சொல்லின் தேர்வும் கவனத்துக்குரியது. சிகிச்சையை இடையில் நிறுத்தியவரைக் கடன் கட்டத் தவறியவரைச் சுட்டும் சொல்லாலேயே ஆங்கில ஏடுகள் நெடுங்காலம் குறித்து வந்தன. 2013-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் காசநோய் வரையறைகளைத் திருத்தியபோது அச்சொல்லை நீக்கி, 'தொடர்பு விட்டுப் போனவர்' என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றது. 'தவறியவர்' என்று எழுதினால் குற்றம் நோயாளியுடையதாகிறது. 'தொடர்பு விட்டுப் போனவர்' என்று எழுதினால், தொடர்பை மீண்டும் ஏற்படுத்துவது நிலையத்தின் வேலையாகிறது. அவ்வாறே 'குறைபாடு' என்ற தலைப்புக்குப் பதிலாக 'இம்மாதம் கவனிக்க வேண்டியவை' என்று எழுதலாம்.

ஒரு பக்க மாதிரி

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஒரு துணை நிலையத்துக்குரிய மாத மீளறிக்கையை ஒரே பக்கத்தில் அமைக்கும் முறையைக் காண்போம்.

1. பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு வாக்கியம்: 'பதிவான 120 பேருள் 60 பேர் கட்டுப்பாட்டில் உள்ளனர், 24 பேர் கட்டுப்படவில்லை, 36 பேர் மூன்று மாதங்களாக வரவில்லை.'

2. அதன் கீழ், கடந்த பன்னிரண்டு மாதங்களைக் காட்டும் கோட்டுப் படம் ஒன்று. கோடுகள் மூன்றுக்கு மேற்படலாகாது.

3. அடுத்து, இதே சூழ்நிலையில் உள்ள நிலையங்களுள் சிறந்த சிலவற்றின் அளவு, ஒப்பிடுவதற்காக. அது எட்டத்தக்கது என்பதற்குச் சான்றாக மட்டுமே இது இடம் பெறுதல் வேண்டும்.

4. பின்னர், முதலில் சந்திக்க வேண்டிய பத்துப் பேரின் பட்டியலும், காரணம் எழுதுவதற்கான இடமும். பெயர்கள் உள்ளமையால் இப்பகுதி பொறுப்புள்ள ஊழியரிடம் மட்டுமே இருத்தல் வேண்டும், சுவரில் ஒட்டலாகாது. ஊரார் காணும் பலகையில் மொத்த எண்களே எழுதத்தக்கவை.

5. இறுதியில் இரண்டு வரிகள். ஒன்றில், 'அடுத்த மாதம் நான் செய்யப் போவது' என்று ஊழியர் எழுதுவார். மற்றொன்றில், 'எனக்குத் தேவைப்படுவது' என்று எழுதுவார். மருந்து, கருவி, வாகனம், மாலை நேர மருத்துவம் என எதுவாயினும் இங்கு இடம் பெறலாம். அதற்கு மேலிடம் அளித்த பதில் அடுத்த மாத அறிக்கையின் முதல் வரியாக அச்சிடப்பட வேண்டும்.

ஐந்தாம் பகுதி இல்லாவிடில் மேற்பார்வை ஒருவழிப் பாதையாகிவிடும். மருந்து தீர்ந்துபோன நிலையத்துக்கு 'கட்டுப்பாடு குறைந்தது' என்று எழுதி அனுப்புவதால் ஒருவருடைய இரத்த அழுத்தமும் குறையப் போவதில்லை.

இவ்வறிக்கை மாதத்தின் முதல் வாரத்திலேயே ஊழியரின் கைக்கு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் பட்டியலில் உள்ளவர்களுள் சிலரை இனிச் சந்திக்க முடியாமலே போகலாம். மேற்பார்வையாளர் அதனை நேரில் அளித்து, கால் மணி நேரம் உடன் அமர்ந்து பேசுதல் நன்று. 'ஏன் குறைந்தது?' என்று தொடங்குவதைவிட, 'இதில் உங்களுக்குத் தெரிந்தது எது? புதியது எது?' என்று தொடங்கினால் உண்மையான காரணம் வெளிப்படும். எண்ணைக் காட்டிலும் களத்தை ஊழியர் நன்கறிவார்.

ஆசிரியர்களுக்கும் இதில் பயனுண்டு. தேர்வுத் தாளில் மதிப்பெண்ணை மட்டும் இட்டுத் திருப்பித் தருவதற்கும், எந்தப் படியில் பிழை நேர்ந்தது என்று குறித்துத் தருவதற்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் நன்கு அறிவர். முதலாவது மாணவனுக்குத் தன் இடத்தை அறிவிக்கிறது. இரண்டாவது அவனுக்கு அடுத்த படியைக் காட்டுகிறது. மீளறிக்கை இரண்டாம் வகையினதாதல் வேண்டும்.

இவ்விதழைப் படிக்கும் களப்பணியாளர்கள், தம்மிடம் கடைசியாக வந்த அறிக்கையை எடுத்து, அதனைக் கொண்டு நாளைக் காலையில் எந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று அறிய முடிகிறதா எனப் பார்ப்பாராக. முடியாவிட்டால், அவ்வறிக்கையை எவ்வாறு திருத்த வேண்டும் என்பதை அதன் மறுபக்கத்திலேயே எழுதி, அனுப்பியவருக்கு அனுப்பலாம்.